நான்கு மாட்டுக் கொட்டிலில் கோபர் கேஸ்: சாணத்தை எடை போடுவதிலிருந்து தீவனப்புல் வரை முழுமையான வழிகாட்டி

நான்கைந்து கறவை மாடு கட்டியிருக்கும் வீட்டுக்குச் சுற்றுச்சூழல் பெயரைச் சொல்லி விற்கப்படும் பொருட்கள் நிறைய. அசோலா (தீவனமாகும் மிதக்கும் நீர்ச்செடி) வளர்க்கும் தொட்டி, மண்ணில்லாத் தீவனத் தட்டுகள், சோலார் மோட்டார், சோலார் வெந்நீர்க் கலன், மீத்தேன் குறைக்கும் பொடி என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை பத்து மாட்டுக்குக் கீழே கட்டுபடியாகாது. சாணத்தைக் கையாளும் ஏற்பாடு அப்படியல்ல. அடுப்புக்கு எரிவாயு, புல்லுக்கு உரம், கொட்டிலுக்குச் சுத்தம் மூன்றும் அதிலிருந்தே வரும். அதனால் கையில் இருக்கும் முதல் பணத்தைச் சாணத்தில் போடுங்கள். மற்றவை பிறகு.

தொடங்கும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எருக்குழியில் குவிக்கும் சாணத்தில் ஓரளவு காற்று புகும். அதிலிருந்து மீத்தேன் குறைவாகவே வரும். கோபர் கேஸ் கலனில் காற்றே புகாமல் அடைத்து, மீத்தேனை நாமே வேண்டுமென்று உண்டாக்குகிறோம். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. எரித்துவிட்டால் நல்லது, ஒழுகவிட்டால் பழைய எருக்குழியே மேல். ஆகவே இந்த வழிகாட்டியில் ஒழுகல் பற்றிய பேச்சு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

ஒரு வாரம் சாணத்தை எடை போடுங்கள்

கலன் எத்தனை கன மீட்டர் என்பதை மாட்டின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாள் முழுதும் கட்டித் தீனி போடும் கலப்பினப் பசு 12 முதல் 15 கிலோ சாணம் தரும். பெரிய பசுவானால் அதற்கு மேலும் போடும். மேய்ச்சலுக்குப் போய் வரும் மாட்டிடம் கைக்குக் கிடைப்பது அதில் பாதிதான். மீதி காட்டில் விழுந்துவிடும். கன்றுகள் 3 முதல் 5 கிலோ. தராசில் ஒரு பாண்டுச் சட்டியை வைத்து, காலை மாலை இரண்டு வேளையும் ஏழு நாள் எடை போட்டு எழுதுங்கள். ஏழு நாளில் மிகக் குறைவாக வந்த நாளின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டிக் கழித்துச் சராசரி பார்த்தால் கலன் பெரிதாகிவிடும்.

25 கிலோ பச்சைச் சாணத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். நாளுக்கு 50 கிலோ கிடைக்குமானால் 2 கன மீட்டர் கலன். சமையலுக்கு ஆளுக்கு 0.25 முதல் 0.3 கன மீட்டர் தேவை; ஐந்து பேர் வீட்டுக்கு ஒன்றரை கன மீட்டர் போதும். மீதியில் பால் பாத்திரம் கழுவ வெந்நீர் வைக்கலாம், மாட்டுக்குத் தீவனம் வேகவைக்கலாம். 1 கன மீட்டர் வாயு ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. 2 கன மீட்டர் கலன் மாதம் முழுதும் ஒழுங்காக ஓடினால் 27 கிலோ, அதாவது 14.2 கிலோ சிலிண்டர் இரண்டுக்குச் சற்றுக் குறைவு.

“சாணம் 75 கிலோ இருக்கிறதே, 3 கன மீட்டராகக் கட்டிவிடலாம்” என்று மேஸ்திரி சொல்லக்கூடும். வீட்டில் அவ்வளவு எரிப்பீர்களா என்று பாருங்கள். கலனின் மேலே வாயு சேரும் மாடம் நிறைந்த பிறகு வரும் வாயு, கரைசல் வெளியேறும் தொட்டி வழியாகக் குமிழ் விட்டுப் போய்விடும். எரிக்காத ஒவ்வொரு கன மீட்டரும் கேடு. மிச்சச் சாணம் எருக்குழிக்குப் போகட்டும்.

தரையைச் சரிசெய்யாமல் குழி தோண்டாதீர்கள்

மண் தரையில் மாடு கட்டியிருந்தால் அள்ளும் சாணத்தோடு மண்ணும் மணலும் சேர்ந்து வரும். மணல் கரையாது, மக்காது. கலனின் அடியில் படிந்துகொண்டே போகும். சில ஆண்டில் கலனின் கொள்ளளவில் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும். ஊர்களில் பாழடைந்து கிடக்கும் பழைய கோபர் கேஸ் தொட்டிகளைத் திறந்தால் அடியில் அடிக்கணக்கில் மணல் இருப்பது இதனால்தான்.

மாடு நிற்கும் இடத்துக்குச் சொரசொரப்பான கான்கிரீட் அல்லது கருங்கல் தளம் போடுங்கள். வழுவழுப்பாகப் பூசினால் சினை மாடு வழுக்கி விழும். பின்பக்கம் பார்த்து 40 அடிக்கு 1 அடி முதல் 60 அடிக்கு 1 அடி வரை சரிவு வேண்டும். பின்கால் முடியும் இடத்தில் ஓர் அடி அகலத்தில் ஆழமில்லாத கோமிய வாய்க்கால், அதன் முடிவில் ஒரு சிறு தொட்டி. மாடொன்றுக்குக் கூரையடியில் 3.5 சதுர மீட்டர் இடம் இருந்தால் போதும். நம் வெயிலுக்குக் கொட்டிலின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருப்பது நல்லது.

வேலை முறையும் மாற வேண்டும். முதலில் சாணத்தை வழித்து அள்ளுங்கள், பிறகுதான் தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டுச் சாணத்தை அடித்துத் தள்ளும் பழக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே கலன் உருப்படாது. கரைசல் நீர்த்துப்போய், அடியில் வண்டல், மேலே ஆடை, நடுவே வெறும் தண்ணீர் என்று மூன்றாகப் பிரிந்துவிடும். பினாயில், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய நீர் கலன் பக்கமே போகக்கூடாது. உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர் செத்துப்போகும். அந்த நீருக்குத் தனி வாய்க்கால் வைத்துத் தென்னைக்கோ வாழைக்கோ விடுங்கள்.

எந்த வகை

மூன்று வகைதான் நடைமுறையில் இருக்கின்றன. இரும்பு டிரம் மிதக்கும் காதி கிராமத் தொழில் ஆணைய மாதிரி பழையது. டிரம் ஏறி இறங்குவதைப் பார்த்தே எவ்வளவு வாயு இருக்கிறது என்று தெரியும். அழுத்தமும் சீராக வரும். ஆனால் டிரம் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்க ஆள் வேண்டும்.

1984இல் ஆஃப்ப்ரோ என்ற தொண்டு அமைப்பு வடிவமைத்த தீனபந்து, செங்கல்லில் கட்டி மண்ணுக்குள் மூடும் நிலைமாடக் கலன். அசையும் பாகம் கிடையாது, துருவும் கிடையாது. நன்றாகக் கட்டினால் இருபது ஆண்டுக்கு மேல் நிற்கும். “நன்றாகக் கட்டினால்” என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீடு கட்டும் மேஸ்திரி இதைக் கட்ட முடியாது. வளைவு மாடத்தை வாயு கசியாமல் பூசுவது தனித் தொழில். முன்பு கட்டிய இரண்டு கலன்களை நேரில் போய்ப் பார்த்து, அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி, எரிந்த பிறகே ஆளை வையுங்கள்.

மூன்றாவது, கனமான நெகிழிப் பை. ஒரே நாளில் பொருத்திவிடலாம். குழி ஆழம் குறைவு. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் தஞ்சை, நாகைப் பக்கமும், இரண்டடியில் பாறை தட்டும் கொங்குப் பகுதிகளிலும் இதுதான் தோது. வெயிலும் எலியும் ஆட்டுக் குளம்பும் அதன் எதிரிகள். மேலே கூரையும் சுற்றிலும் வலையும் போடாமல் வைக்காதீர்கள். வாயு அழுத்தமும் குறைவு. அடுப்பு மந்தமாக எரிந்தால் பையின் மேல் சீராகப் பாரம் ஏற்ற வேண்டியிருக்கும்.

வசதிப்பட்டால் தீனபந்துவே எங்கள் தேர்வு. இனி வருவது 2 கன மீட்டர் தீனபந்துவுக்கானது. மானியம் வேண்டுமென்றால் குழி தோண்டும் முன் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதிக்கு முன் கட்டியதற்குப் பிறகு பணம் கேட்டு அலைவது வீண். தொகையும் விதியும் அடிக்கடி மாறும்.

இடமும் கட்டுமானமும்

கொட்டிலை ஒட்டி இருக்க வேண்டும். சாணம் தூரமாகச் சுமக்க வேண்டியிருந்தால் மூன்றாம் மாதமே அலுத்துவிடும். அடுப்படிக்கு 20 மீட்டருக்குள். குடிநீர்க் கிணறு, ஆழ்துளைக் குழாயிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி. நாள் முழுதும் வெயில் படும் இடம். பக்கத்தில் புளி, வேம்பு, முருங்கை எதுவும் கூடாது. வேர் மாடத்தைப் பிளக்கும். கலனைவிட வயல் தாழ்வாக இருந்தால் பெரும் புண்ணியம், ஸ்லரி (வாயு போன பின் வெளியேறும் சாணக் கரைசல்) தானாகவே ஓடும்.

40 நாள் சாணம் உள்ளே தங்கும்படி கட்டச் சொல்லுங்கள். சமவெளியில் 30 நாளே போதும் என்று சிறிதாகக் கட்டுவதும் உண்டு. ஆனால் மிச்ச மீத்தேன் வெளித்தொட்டியில் வந்து கசியும். மார்கழிக் குளிரில் வாயுவும் குறையும். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் 55 நாள் வேண்டும்.

சுமார் ஆயிரம் செங்கல்லும் பதினைந்து மூட்டை சிமெண்டும் பிடிக்கும். செங்கல் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சூளையில் வேகாத கல் வாயுவை உறிஞ்சி வெளியே விடும். கட்டுவதற்கு முன் கற்களைத் தண்ணீரில் ஊறவையுங்கள். மாடத்தின் உட்பூச்சுதான் உயிர்நிலை. ஒரே தடவையில் தடிமனாகப் பூசாமல், 1க்கு 3 சிமெண்ட் மணல் கலவையில் மெல்லிய பூச்சுகளாக, ஒன்று இறுகிய பின் மற்றொன்று என்று பூசி, கடைசியில் வெறும் சிமெண்ட் பாலைத் துலக்கி விட வேண்டும். பூச்சுக்குள் மூலையோ விளிம்போ இருக்கக்கூடாது. எல்லாம் உருண்டையாக வழிய வேண்டும். வாயுக்குழாய் மாடத்துக்குள் நுழையும் இடத்தில்தான் அதிகமாகக் கசியும். அந்த இடத்தைப் பூசும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

14 நாள் ஈரம் காயாமல் ஆற்றுங்கள். பிறகு மாடத்தின் மேல் ஓரடி உயரத்துக்கு மண் போட்டு, அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து இறுக்குங்கள். இந்த மண் அழகுக்கு அல்ல. உள்ளிருந்து தள்ளும் வாயு அழுத்தத்தை வெளியிலிருந்து தாங்குவது அதுதான். மண் போடாமல் விட்ட மாடம் விரிசல் விடும்.

சாணம் போடும் முன் ஒழுகல் சோதனை

பலரும் இதைத் தவிர்க்கிறார்கள். சாணம் நிரப்பிய பிறகு கசிவு தெரிந்தால் நான்கு டன் கரைசலை வெளியே அள்ள வேண்டும்.

வாயு வால்வைத் திறந்துவைத்து, வெளியேறும் தொட்டியின் அடிமட்டம் வரை தண்ணீர் நிரப்புங்கள். புதுச் சுவர் இரண்டு மூன்று நாள் நீரைக் குடிக்கும். அதுவரை குறையக் குறைய ஊற்றுங்கள். பிறகு மட்டத்தில் கரிக்கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் நின்றால் சுவர் சரி. அடுத்து வால்வை இறுக மூடிவிட்டு மேலும் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அழுத்தப்பட்டு வெளித்தொட்டியில் நீர் உயரும். அந்த உயரத்தைக் குறித்து மறுநாள் பாருங்கள். மட்டம் தெளிவாகக் கீழே போயிருந்தால் மாடத்திலோ வால்விலோ காற்று கசிகிறது. வால்விலும் குழாய் நுழைவிலும் சோப்பு நுரை தடவுங்கள். குமிழ் வருமிடம் தெரியும். வால்வு சரியாக இருந்தும் மட்டம் இறங்கினால் மாடத்தை மறுபடி பூசாமல் மேஸ்திரிக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

முதல் நிரப்பு

ஏறத்தாழ 2,000 கிலோ சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். சோதனைக்கு ஊற்றிய நீரில் இந்த அளவு போக மீதியை இறைத்துவிடுங்கள். நான்கு மாட்டை நம்பிச் சேர்த்தால் நாற்பது நாள் ஆகும், பழைய சாணம் காய்ந்துவிடும். பக்கத்து வீடுகளில் கேட்டு வாங்கிப் பத்துப் பதினைந்து நாளுக்குள் சேருங்கள். அதுவரை ஈரச் சாக்குப் போட்டு மூடிவையுங்கள். ஏற்கெனவே ஓடும் கலனிலிருந்து 200 முதல் 400 லிட்டர் ஸ்லரி கிடைத்தால் தயிருக்கு உறை ஊற்றுவதுபோல இதில் கலந்துவிடுங்கள். வாயு வெகு சீக்கிரம் வரும்.

கல், வைக்கோல், பாலித்தீன் எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். நிரப்பும்போது வால்வு திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லை. நிரம்பியதும் வால்வை மூடிவிட்டுச் சும்மா இருங்கள். தினம் போடத் தோன்றும், போடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெளித்தொட்டியில் மட்டம் ஏறும். முதலில் வருவது பெரும்பாலும் காற்றும் கரியமில வாயுவும்தான், எரியாது. அடுப்படிக்கு வெளியே, பக்கத்தில் நெருப்பில்லாமல் அதைத் திறந்துவிடுங்கள். எரிகிறதா என்று பார்ப்பதை அடுப்பில் மட்டும் செய்யுங்கள். கலனின் வால்வு வாயில் தீக்குச்சி காட்டுவது உயிரோடு விளையாடுவது. உள்ளே காற்று மிச்சமிருந்தால் தீ உள்வாங்கி மாடமே வெடிக்கும்.

அடுப்பு எரியத் தொடங்கிய பின் ஒரு வாரம் பாதி அளவு சாணம், அதற்குப் பிறகு முழு அளவு.

தினசரி

50 கிலோ சாணம், 50 லிட்டர் நீர், தோசை மாவுப் பதம். காலையில் ஒரே நேரத்தில் போடுங்கள். தண்ணீரில் கால் பங்கைக் கோமியமாகப் போடலாம். முழுவதும் கோமியமாக ஊற்றினால் அம்மோனியா ஏறி வாயு நின்றுபோகும். கோடையில் காய்ந்த சாணமானால் நீரைச் சற்றுக் கூட்டுங்கள். கரைத்த பின் தொட்டியில் ஐந்து நிமிடம் விட்டு, மணல் அடியில் தங்கியதும் மேலாக அடைப்பைத் திறந்து உள்ளே விடுங்கள். தொட்டியின் அடி, உள்ளே போகும் குழாய் வாயைவிட இரண்டு மூன்று அங்குலம் தாழ்வாக இருந்தால் மணல் அங்கேயே நின்றுவிடும்.

மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணத்தைச் சிகிச்சை முடியும் வரையிலும் அதற்குப் பின் ஒரு வாரமும் எருக்குழிக்கு அனுப்புங்கள். மீந்த சோறு, பழத்தோல் கொஞ்சம் போடலாம். கல்யாண வீட்டுச் சோறு கிடைத்தது என்று ஒரு பானை கவிழ்த்தால் கலன் புளித்துவிடும்.

குழாயும் அடுப்பும்

வாயுவில் ஏறத்தாழ 55 முதல் 60 சதவீதம் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கொஞ்சம் நீராவி, துளி ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை வாடை கடைசியாகச் சொன்னதனால் வருவது. பித்தளை வால்வைக் கறுக்கவைத்து அரிப்பதும் அதுதான்.

நீராவி குழாய்க்குள் குளிர்ந்து நீராகும். குழாயை எங்கும் தொய்யவிடாமல் 100 அடிக்கு 1 அடி சரிவில் கொண்டுபோய், மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகுழாயும் மூடியும் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து நீரை வடிக்க வேண்டும். “கேஸ் வரவில்லை” என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த மூடியைத் திறந்தாலே தீரும். அடுப்பு துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் நீர் நிற்கிறது என்று பொருள்.

கடையில் கிடைக்கும் சிலிண்டர் அடுப்பில் இது எரியாது. அதன் துளை மிகச் சிறியது. கோபர் கேஸுக்கென்றே செய்த, தர முத்திரை உள்ள அடுப்பை வாங்குங்கள். மணிக்கு 0.45 கன மீட்டர் குடிக்கும் ஒற்றை அடுப்பு, 2 கன மீட்டரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எரியும். மஞ்சளாக நீண்டு எரிந்தால் காற்று போதவில்லை, காற்றுவளையத்தைத் திறக்கவும். தீ அடுப்பைவிட்டு எம்பிப் பறந்தால் காற்றோ அழுத்தமோ அதிகம். வளையத்தை மூடவும், வால்வைக் குறைக்கவும்.

வாடை அதிகமானால் குழாய் வழியில் இரும்புச் சீவல் நிறைந்த டப்பா ஒன்றைப் பொருத்தலாம். துருப்பிடித்த சீவலே வேலை செய்யும். கறுத்துவிட்டால் மாற்றும் நேரம். வெளியே எடுத்த கறுப்புச் சீவல் காற்றுப்பட்டுத் தானாகவே சூடேறும். தண்ணீர் தெளித்து, வைக்கோல் போரிலிருந்து தள்ளிக் காயவைத்தால் மறுபடி சிவந்து பயன்படும்.

ஸ்லரி எங்கே போகிறது

கேஸுக்காகக் கட்டுகிறோம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். சாணத்திலிருந்து வாயு போனாலும் தழைச்சத்து போவதில்லை. முழுதும் ஸ்லரியில் இருக்கிறது. 50 கிலோ ஈரச் சாணத்தில் சுமார் 150 கிராம் தழைச்சத்து. ஆண்டுக்கு 50 கிலோவுக்கு மேல், 45 கிலோ யூரியா மூட்டையில் இரண்டரைக்கு ஈடு. வெளியே வந்த ஸ்லரியை வெயிலில் பரப்பி உலர்த்தினால் அதில் கணிசமான பங்கு அம்மோனியாவாகப் பறந்துவிடும். உலர்ந்த ஸ்லரியை மூட்டை கட்டி வைப்பதைவிட ஈரமாக அன்றன்றைக்கே மண்ணில் சேர்ப்பது பல மடங்கு மேல்.

எங்கே சேர்ப்பது? தீவனப்புல்லில். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோ 4 நட்ட வயலை 45 பட்டையாகப் பிரியுங்கள். 40 சென்ட் வயலில் ஒரு பட்டை ஒரு சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. முதல் அறுப்பு நட்ட 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. தினம் ஒரு பட்டை அறுங்கள். அறுத்த பட்டையில் மறுநாள் 100 லிட்டர் ஸ்லரியை வாய்க்கால் நீரோடு கலந்து விடுங்கள். அறுத்த கட்டையில் விடுவதால் இலையில் சாணம் படாது, மாடு வாடை பிடித்து ஒதுக்காது. ஆராய்ச்சி நிலைய மகசூல் எக்டருக்கு ஆண்டுக்கு 380 டன் வரை. விவசாயி கைக்கு அதில் பாதி வந்தாலும் 40 சென்ட்டில் நாளுக்கு 80 கிலோவுக்கு மேல் வரும், நான்கு மாட்டுக்கு ஏறத்தாழ சரி. ஸ்லரி மட்டும் புல்லின் முழுப் பசிக்கும் போதாது. மீதத் தழைச்சத்தை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

மழை நாளில் வயலுக்குள் விட முடியாது. அதற்காகக் கலனை ஒட்டி இரண்டு குழி, 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் ஆழம். அடியில் அரையடி சருகும் தீனி மிச்சத் தட்டையும் போட்டு அதன்மேல் ஸ்லரி, மறுபடி சருகு என்று அடுக்குங்கள். மேலே கீற்றுக் கூரை. ஒன்று நிரம்பினால் அடுத்தது. மண்புழு உரம் வேண்டுமானால் இந்தக் குழியில் சூடு அடங்கிய எருவைத்தான் புழுவுக்குக் கொடுக்க வேண்டும். பச்சைச் சாணத்தில் விட்டால் சூட்டிலும் அம்மோனியாவிலும் புழு செத்துவிடும்.

வயிற்றிலிருந்து வரும் வாயு

மாட்டுப் பண்ணையின் மீத்தேனில் பெரும்பங்கு சாணத்தில் இல்லை, மாடு அசைபோடும்போது விடும் ஏப்பத்தில் இருக்கிறது. தின்ற ஆற்றலில் 6 முதல் 7 சதவீதம் அப்படிப் போகிறது. இதைத் தடுக்க மருந்து தேட வேண்டாம். ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு வாயு என்று பார்த்தால் தீனியைச் சரிசெய்வதே போதிய பலன் தரும்.

வெறும் வைக்கோலும் முற்றிய தட்டும் தின்னும் மாடு அதிக வாயு விட்டு, குறைந்த பால் கறக்கும். 10 லிட்டர் கறக்கும் 400 கிலோ பசுவுக்குப் பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ, உலர் தீவனம் 5 கிலோ, உடலுக்கு ஒன்றரை கிலோவும் லிட்டருக்கு 400 கிராமும் என்று கலப்புத் தீவனம், தாது உப்புக் கலவை 50 கிராம். புல் மூன்று பங்குக்கு வேலிமசாலோ தட்டைப்பயறோ அகத்தியோ ஒரு பங்கு சேர்த்தால் கலப்புத் தீவனத்தைக் குறைக்கலாம். புல்லை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டாக நறுக்கிப் போடுங்கள். முழுத் தட்டாகப் போட்டால் இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலால் மிதிக்கும்.

வைக்கோலை விட முடியாதவர்கள் யூரியா ஊட்டலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் துளிக் கட்டியும் இல்லாமல் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் 21 நாள் மூடுங்கள். பிரித்து அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. கரையாத யூரியா வாளியை மாடு நக்கினால் சில மணி நேரத்தில் செத்துவிடும்; எனவே கரைக்கும் இடத்தில் மாடு கட்டாதீர்கள்.

இன்னொன்று, சினை பிடிக்காமல் எட்டு மாதம் சும்மா நிற்கும் மாடும் ஏப்பம் விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஈத்து இடைவெளியை 13, 14 மாதத்துக்குள் வைப்பது எந்தக் கருவியைவிடவும் பெரிய சுற்றுச்சூழல் வேலை.

அசோலா, சோலார்

அசோலா மேல் எல்லோருக்கும் ஆசை. 2 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டியில் நாளுக்கு அரை கிலோ எடுக்கலாம். அதில் ஏறத்தாழ 94 சதவீதம் தண்ணீர். மிஞ்சுவது 30 கிராம். அதில் கால் பங்குதான் புரதம், அதாவது 8 கிராம் கூட இல்லை. 100 கிராம் கடலைப் புண்ணாக்கில் 40 கிராம் புரதம். கோழிக்கு அசோலா சரி. மாட்டுக்கு ஒரு தொட்டி என்பது வீண் வேலை. மண்ணில்லாமல் தட்டில் முளைக்கவைக்கும் மக்காச்சோளப் புல்லும் இப்படித்தான்: ஒரு கிலோ விதை ஆறு ஏழு கிலோவாகிறது என்பார்கள், கூடியது தண்ணீர்தான்.

இலவச வேளாண் மின் இணைப்பு இருக்கும் கிணற்றுக்குச் சோலார் மோட்டார் அவசரமில்லை. இணைப்பே கிடைக்காத இடத்தில் மட்டும் யோசியுங்கள். இரு வேளையும் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்குத் தனிக் குளிரூட்டியும் வேண்டாம். கறந்த பாலை ஈரச் சாக்குச் சுற்றிய கேனில், நிழலில், ஒரு மணி நேரத்துக்குள் சேர்ப்பது போதும்.

வழக்கமான கோளாறுகள்

வாயு திடீரென்று குறைந்தால் முதலில் சாண அளவைப் பாருங்கள். மாடு மேய்ச்சலுக்குப் போகத் தொடங்கியிருக்கும். அளவு சரியென்றால் வடிகுழாய், பிறகு சோப்பு நுரை. வெளித்தொட்டியில் மட்டம் ஏறியிருந்தும் அடுப்பில் வரவில்லை என்றால் அடைப்பு குழாயில். மட்டமே ஏறவில்லை என்றால் கசிவு மாடத்தில், அல்லது உள்ளே நுண்ணுயிர் நொந்துபோயிருக்கிறது.

நுண்ணுயிர் நொந்தால் ஸ்லரி புளித்த வாடை வீசும். பி.எச். காகிதம் வைத்துப் பாருங்கள்: கார அமில நிலை 6.8 முதல் 7.5க்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒரு வாரம் எதுவும் போடாதீர்கள். தேறாவிட்டால் நீர்த்த சுண்ணாம்புத் தெளிவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நல்ல கலனின் ஸ்லரி நூறு லிட்டர் சேருங்கள்.

உள்ளே போன கரைசல் திரும்பி எதுக்களித்தால் குழாய் வாயில் வைக்கோல் அடைத்திருக்கிறது. நீண்ட மூங்கிலால் குத்திவிடுங்கள். அதே மூங்கிலை வாரம் ஒருமுறை உள்குழாய் வழியாக ஆட்டிவிட்டால் மேலே ஆடை கட்டாது.

மழைக்காலமும் தூர் வாருதலும்

ஐப்பசிக்கு முன் உள்தொட்டி, வெளித்தொட்டி இரண்டின் விளிம்பும் தரையைவிட அரையடி உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மழைநீர் உள்ளே புகுந்தால் நாற்பது நாள் உழைப்பு கரைந்துபோகும். தொட்டிகளுக்குக் கான்கிரீட் பலகை மூடி கட்டாயம், குழந்தையும் கன்றும் விழாமல் இருக்கவும்தான். நிலத்தடி நீர் ஏறியிருக்கும் மாதங்களில் கலனைக் காலி செய்யாதீர்கள். வெறுங்கலனைக் கீழிருந்து நீர் தூக்கி அடித்தளத்தைப் பிளக்கும். தூர் வாருவதைச் சித்திரை, வைகாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மணலில்லாமல் போட்டுவந்தால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தூர் வாரினால் போதும். கூடுமான வரை மேலிருந்தே சேற்றுப் பம்பு வைத்து இறைத்துவிடுங்கள். ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வால்வைக் கழற்றி, இரண்டு தொட்டியையும் திறந்து, முழுதும் வெளியேற்றிப் பல நாள் காற்றாடவிட்டு, இறங்கும் நேரமெல்லாம் ஊதுகுழல் விசிறியால் வெளிக்காற்றை உள்ளே செலுத்த வேண்டும். இறங்குபவர் இடுப்பில் கயிறு, அதைப் பிடித்து மேலே இரண்டு பேர். பீடி, தீப்பெட்டி, சாதாரண மின்விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். வாடை இல்லை என்பதை நம்பாதீர்கள். மீத்தேனுக்கு வாடையே கிடையாது, ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடை தெரியாமலே போகும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக்கூடாது. கயிற்றால் இழுத்து வெளியே எடுங்கள், 108ஐ அழையுங்கள்.